ஆளு வருது

மதுரையில் விமானத்தின் படிக்கட்டில் நாகஜோதி கால் வைத்தபோது காலை பதினோரு மணி. தார்த்தரை கொதித்துக் கிடந்தது. ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே ஏறினாள். வாசலில் நின்ற பெண் கைகூப்பிச் சிரித்தாள். உள்ளே ஏசி பஸ் வாடை. வேறொன்றும் விசேஷமில்லை.

கோம்பையிலிருந்து இருபது வருசம் ஏலக்காட்டுக் கூலிக்குப் போனவள் அவள். விடிவதற்கு முன்னே ஜீப்பேறி, கம்பம்மெட்டு மலைரோட்டு வழியாகக் கேரளாவுக்குப் போய், பகலெல்லாம் குனிந்து காய் பறித்து, சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குகிற பொழப்பு. எட்டுப் பேர் ஏறுகிற வண்டியில் பதினாறு பேர். நெருக்கடி அவளுக்குப் புதுசில்லை. ஆனாலும் இருபத்து மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து பெல்ட்டைப் பூட்டியதும் எழுந்து ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தாள்.

போன வருசம் இதே ஊரில் இதே நேரத்துக்கு, சோதனை செய்கிற வரிசையில் நின்றவள் பையைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்து, தேனி பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். ஷார்ஜாவில் மகள் சுபாஸ்ரீ தாயில்லாமல் தனியாகப் பிரசவ வலியில் கிடந்தாள். பிள்ளை செத்துப் பிறந்தது. "நீ வந்திருந்தா" என்று சுபா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் நாகஜோதியை அறுத்தது. இப்போது மறுபடி நாள் குறித்தாகிவிட்டது. நாளைக்குக் காலையில் வயிற்றைக் கிழித்து எடுக்கப்போகிறார்கள். நேற்று போனில் சுபா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மா, இந்தத் தடவ வந்துருவேல்ல?"

டிக்கெட் போட்டுக் கொடுத்த ஸ்டீவன் நல்ல மனுசன். தேனியில் டிராவல்ஸ் வைத்திருக்கிறார். ஒரு வாரம் அவளைக் கடைக்கு வரச் சொல்லி, பிளாஸ்டிக் நாற்காலிகளை மூன்று மூன்றாகப் போட்டு, நடுவில் இவளை உட்கார வைத்துப் பழக்கினார்.

"குலுங்குனா பயப்படாதீக அக்கா. மெட்டு ரோட்டுல பள்ளத்துல விழுந்து ஏறுறோம்ல, அதே மாதிரிதான். பள்ளம் காத்துல கெடக்கு. வண்டிக்கு ஒண்ணுமில்ல. நாலு எண்ணி மூச்ச இழுங்க, ஆறு எண்ணி விடுங்க."

"நான் ஏற்கெனவே பறந்தவ தம்பி."

"எங்கன?"

அவள் எழுந்து நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தாள். ஸ்டீவன் மேற்கொண்டு கேட்கவில்லை. கடைசி நாள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நானும் மொதத் தடவ துபாய் போறப்ப வேட்டியிலேயே ஒண்ணுக்குப் போனவந்தான். பறக்குறதுக்குன்னு யாரும் பயப்படுறதில்லக்கா. கதவு சாத்துனா எறங்க முடியாது, ஸ்டீரிங் நம்ம கையில இல்ல, அதுக்குத்தான் பயம். உங்களுக்கு எதுக்குன்னு நீங்களே தோண்டிப் பாருங்க. தெரிஞ்சிட்டா பாதி போயிரும்."

தோண்டத் தேவையில்லை. அவளுக்குத் தெரியும்.

விமானத்தில் அவள் பக்கத்தில் நடு சீட்டு காலி. அதற்கடுத்த சீட்டில், தொப்பி போட்ட கம்பத்துக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நூர் முகம்மது என்று தானே பேர் சொல்லி, அத்தர் வியாபாரம் என்றும் சொன்னார். கையிலிருந்த பையை நடு சீட்டில் வைக்கப் போனவர் இவளைப் பார்த்தார்.

"ஏம்மா, இங்கன ஆள் இருக்கா?"

நாகஜோதியின் கை தன் பாட்டுக்குத் தோளில் கிடந்த துண்டை உருவி நடு சீட்டில் போட்டது. வாயும் தன் பாட்டுக்குச் சொன்னது.

"ஆளு வருது."

இருபது வருசப் பழக்கம். ஜீப்பிலோ பஸ்ஸிலோ பக்கத்து இடத்தில் துண்டைப் போட வேண்டியது, கேட்டால் ஆளு வருது என்க வேண்டியது. நூர் முகம்மது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"பிளைட்டுல துண்டு போட்டு எடம் புடிச்ச மொத ஆளு நீங்கதாம்மா! யாருக்கு, அடுத்த ஸ்டாப்புல ஏறுறவுகளுக்கா?"

அவளும் சிரித்தாள். துண்டை எடுக்க நினைத்தாள். எடுக்கவில்லை.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கனமான சத்தம். காது அடைத்துக்கொண்டது.

நூர் முகம்மது கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்திருந்தார். திடீரென்று அரைத்தூக்கத்தில் முழங்காலை ஒருபக்கமாக ஒதுக்கினார். யாரோ உள்ளே போக வழிவிடுகிற மாதிரி. "வாங்க வாங்க" என்று முனகினார். அப்புறம் காலை நேராக்கிக்கொண்டு தூங்கிப்போனார்.

நடுவில் யாரும் இல்லை.

துண்டு மட்டும் நடுவில் குழிந்திருந்தது.

டப், டப்.

வெளியே தகரத்தில் உள்ளங்கையால் ரெண்டு தட்டு. நாகஜோதிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஜீப்பில் கடைசி ஆள் ஏறியதும் பின்பக்கத்தில் அப்படித்தான் தட்டுவார்கள். ஒரு தட்டு தட்டினால் நிற்க வேண்டும். ரெண்டு தட்டினால் போகலாம்.

விமானம் நகர்ந்தது.

நாலு எண்ணி மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சில் பச்சை ஏலக்காயின் காரம் வந்தது. கூடவே டீசல். நனைந்த சாக்கு. ஆறு எண்ணுவதற்குள் விமானம் ஓடி, மூக்கைத் தூக்கி, தரையை விட்டது. சக்கரம் தரையை விட்ட அந்த ஒரு நொடி அவளுக்குத் தெரிந்த நொடி.

ஏழு வருசத்துக்கு முன் மெட்டு ரோட்டில் இறங்கும்போது ஜீப்புக்குப் பிரேக் போனது. வளைவில் திரும்பாமல் நேரே போனது. சக்கரத்துக்குக் கீழே ரோடு இல்லாமல் போனதும் ஒரு சத்தமும் இல்லை. பதினாறு பேரும் வாயைத் திறந்திருந்தார்கள், ஒருத்தர் சத்தமும் கேட்கவில்லை. அதுதான் அவள் பறந்தது.

விழுந்த ஜீப் பாதிச் சரிவில் ஒரு மரத்தில் சிக்கி நின்றது. மற்றவர்கள் வழியிலேயே சிதறிப் போயிருந்தார்கள். உள்ளே நாகஜோதி ஒருத்தி. வெளியே, பின்படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தினமும் அவள் பக்கத்தில் உட்காருகிற சாராள் தொங்கினாள்.

சாராளுக்கு அன்று காலையில் வர நேரமாகிவிட்டது. துண்டு போட்டு இடம் பிடித்து, கேட்டவர்களிடம் ஆளு வருது என்று சொல்லி, கிளம்பிய வண்டியை ஒரு தட்டு தட்டி நிறுத்தியவளே நாகஜோதிதான். பிள்ளையில்லாத சாராள் தன் சோற்றில் பாதியைச் சுபாவுக்கு என்று கட்டிக் கொடுத்துவிடுவாள். "உன் மக பேறுகாலத்துக்குப் போறப்ப எனக்கும் ஒரு எடம் போட்டு வையி நாகு" என்பாள். வண்டியே சிரிக்கும்.

சரிவில் தொங்கியபடி சாராள் கேட்டது நாலே வார்த்தைதான்.

"நாகு, கொஞ்சம் தள்ளு. எடங்குடு."

அசைந்தால் ஜீப் முனகியது. மரம் முனகியது. கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். பக்கத்து சீட்டு முழுக்கக் காலி.

"எடமில்ல சாராளு" என்றாள் நாகஜோதி.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது கம்பியில் கை இல்லை. ஆட்கள் கயிறு கட்டி இறங்கி வருகிறவரை நாலு மணி நேரம் அந்தத் தகரப் பெட்டிக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கேட்டவர்களிடமெல்லாம், சாராள் முதலிலேயே விழுந்துவிட்டாள் என்று சொன்னாள். புருசனிடமும் அதையே சொன்னாள். போலீஸ் எழுதிக்கொண்டதும் அதுதான்.

விமானம் ஒரு பக்கம் சாய்ந்தது. கீழே மலை. அடுக்கடுக்காகக் கரும்பச்சை. அதன் மேல் கயிற்றைத் தூக்கிப் போட்ட மாதிரி ஒரு ரோடு வளைந்து வளைந்து போயிற்று. எந்த ரோடென்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

விமானம் தடதடத்தது. தலைக்கு மேலே பெல்ட் விளக்கு எரிந்தது.

தகரம் முனகியது.

காலடியில் குளிர்ந்தது. நடு சீட்டின் கைப்பிடியில், ஒவ்வொன்றாக, நாலு இடத்தில் ஈரம் பதிந்தது.

விரல்கள்.

ஓடலாம் என்றால் இந்தப் பக்கம் கண்ணாடி, அந்தப் பக்கம் அது. பெல்ட் வயிற்றை இறுக்கியது. கத்த வாயைத் திறந்தாள். அன்றைக்கு மாதிரியே சத்தம் வரவில்லை. பணிப்பெண் தூரத்தில் தன் இருக்கையில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நூர் முகம்மது குறட்டை விட்டார்.

காதுக்குப் பக்கத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு, கம்மிய குரல்.

"நாகு."

விமானம் ஒரு பள்ளத்தில் விழுந்தது. யாருடைய பிள்ளையோ அழுதது.

"கொஞ்சம் தள்ளு."

வண்டிக்கு ஒண்ணுமில்ல என்று ஸ்டீவன் சொன்னது நினைவுக்கு வந்தது. உண்மைதான், வண்டிக்கு ஒண்ணுமில்லை. வண்டியைக் கண்டு அவள் ஒரு நாளும் பயந்ததில்லை. பக்கத்தில் காலியாகக் கிடக்கிற இடத்தைக் கண்டுதான் ஏழு வருசமாகப் பயந்தாள். பஸ்ஸில் மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வீட்டில் சுவரோடு ஒட்டிப் படுத்தாள். போன வருசம் இங்கிருந்து ஓடியதும் அதனால்தான்.

"எடங்குடு."

இன்னொரு தடவை இடமில்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்கவில்லை. சுபாவை நினைத்தாள். ஜன்னலோடு ஜன்னலாகத் தன் உடம்பை ஒடுக்கினாள். கைப்பிடியை மேலே தூக்கிவிட்டாள்.

"எடமிருக்கு சாராளு," என்று கிசுகிசுத்தாள். "அன்னைக்கும் இருந்துச்சு. நாந்தான் பொய் சொன்னேன். உக்காரு ஆத்தா."

சீட்டு அழுந்தியது.

கொஞ்ச நேரத்தில் தடதடப்பு நின்றது. பெல்ட் விளக்கு அணைந்தது. நாலு எண்ணி இழுத்தாள், ஆறு எண்ணி விட்டாள். மூச்சு சீராக வந்தது. சாப்பாடு கொண்டுவந்த பெண்ணிடம் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தாள். கீழே கடல் தெரிந்தது, பயமில்லாமல் பார்த்தாள். வலது தோளில் ஒரு தலை சாய்ந்திருந்தது. நனைந்த தலையின் கனம். மூன்றரை மணி நேரத்தில் கை மரத்துப்போனது. அவள் உதறவில்லை.

இறங்கும்போது நூர் முகம்மது துண்டை எடுத்துக் கொடுத்தார். பிழியலாம் போல ஈரமாக இருந்தது. கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏலக்கா கொண்டாந்தீகளாம்மா?" என்றார்.

"ஆமா," என்றாள்.

வெளியே மருமகன் வினோத்ராஜ் காரோடு நின்றான். கண்ணில் தூக்கமில்லை. "காலையில ஆறு மணிக்கு ஆபரேசன் அத்தை. உங்களப் பாத்தாத்தான் உள்ள போவேன்னு அடம் புடிக்கிறா." பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு முன்னால் ஏறினான்.

நாகஜோதி பின் சீட்டில் ஏறினாள். ஏறியவள் கதவோரம் உட்காராமல், நகர்ந்து நகர்ந்து மறு ஓரத்துக்குப் போய் ஒண்டிக்கொண்டாள்.

"அத்தை, ஏறுன கதவச் சாத்தலயே."

அவன் இறங்கப் போனான். அதற்குள் கதவு மெதுவாக வந்து சாத்திக்கொண்டது.

ஏசியின் குளிரில் பச்சை ஏலக்காய் மணத்தது.

காரின் பின்பக்கத்தில், டப், டப்.

வினோத்ராஜ் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். "யாரு தட்டுனது?"

நாகஜோதி ஈரத்துண்டை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள்.

"போகலாம் மாப்ள. ஆளு ஏறியாச்சு."