விரும்பிக் கேட்டவர்கள்

டேப்பை நிறுத்திய பிறகும் கைதட்டல் கேட்டது. நாலைந்து நொடிதான். தனேஸ்வரன் ஹெட்போனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். அப்போதும் கேட்டு, பிறகுதான் அடங்கியது. அவன் குடியிருந்த குனோங் ராபாட் வட்டாரத்து மலைமேல் மழை கறுத்துக்கொண்டு வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கே விளக்குப் போடவேண்டிய இருட்டு. பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஆகவே ஆகாது. மற்ற நாளிலாவது டயர் கடையில் நாலு முகத்தைப் பார்க்கலாம், மாமாக் தேநீர்க் கடையில் 'தே ஓ ஒண்ணு' என்று வாயைத் திறக்கலாம். ஞாயிறு வந்தால் நாற்பத்தெட்டு வயது ஒண்டிக்கட்டைக்குச் சுவரும் மின்விசிறியும்தான் துணை. அந்த நிலையில்தான் மணிச்சுடர் இசைக்குழு ரசிகர்களின் வாட்ஸ்அப் கூட்டம் அவனுக்குக் கிடைத்தது. எண்பதுகளில் ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய்த் திருவிழா மேடைகளில் வாசித்தவர்கள் மணிச்சுடர்காரர்கள். அவர்களுடைய ஆரம்பகாலக் கச்சேரிகளில் சிறந்தவற்றைத் தொகுப்பதென்று பதினோரு ரசிகர்களும் முடிவுசெய்ய, பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிச் சுத்தம் செய்யும் வேலை இவன் தலையில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் ஏற்றுக்கொண்டான். "தம்பி, சாப்டியா?" என்று அவனைக் கேட்க உலகத்தில் இருந்தது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த, பீடோர் ஊர் சரளா அக்கா ஒருத்திதான். வேலையைச் சொதப்பி அந்த ஒரு குரலையும் இழந்துவிடுவோமோ என்பதே அவன் பயம்.

இந்தக் கேசட், செமோருக்கு அப்பால் இருந்த ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பதிவானது. தோட்டம் இப்போது இல்லை. மரங்களை அழித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதை விரும்பிக் கேட்கும் ஜனங்கள் துண்டுச்சீட்டில் தங்கள் பெயரை எழுதி மேடைக்கு அனுப்புவார்கள், அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் வாசிப்பார். இதில் மட்டும் நாற்பத்தொரு பெயர்கள்.

"பேரு வாசிக்கிறதெல்லாம் தூக்கிருலா தம்பி. பாட்டு மட்டும் போதும்," என்று அக்கா குரல் பதிவு அனுப்பியிருந்தாள். நேற்றே அத்தனை பெயரையும் வெட்டிவிட்டான்.

வெட்டியதை இப்போது ஓடவிட்டான். முதல் பாட்டு முடிந்தது. கைதட்டல் இல்லை. கைதட்டலை அவன் தொடவே இல்லை. இரண்டாவது பாட்டு முடிந்தபோதும் கூட்டத்திடமிருந்து ஒரு இருமல்கூட வரவில்லை. ஆனால் வீட்டுக்குள் வாசனை மாறியிருந்தது. மழையின் மண்வாசனைக்கு அடியிலிருந்து ரப்பர் ஒட்டுப்பாலின் புளித்த நாற்றமும், தேங்காயெண்ணெய் தடவிய தலைகளின் மணமும், வாடிய மல்லிகையும் கதவிடுக்கு வழியாக மெல்ல நுழைந்து, அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து தங்கின. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, டேப்புல ஏதோ கோளாறுக்கா."

"என்னா தம்பி? சத்தமா பேசுலா. வீட்ல அவ்ளோ பேரு இருக்காங்க, ஒண்ணும் வெளங்கல."

"நான் மட்டும்தான்க்கா இருக்கேன்."

"சும்மா வெளையாடாத. பிள்ளைங்க அழுவுற சத்தம்கூட கேக்குது. விருந்தாளிங்கள கவனி, அப்புறம் பேசலாம்."

வைத்துவிட்டாள்.

வெட்டிய பெயர்களைத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்று அசல் கேசட்டையே போட்டான். பெயர்கள் இருந்த இடமெல்லாம் வெறும் இரைச்சல்.

"அடுத்த பாடலை விரும்பிக் கேட்பவர்..." என்றார் அறிவிப்பாளர். நிறுத்தினார். காத்திருந்தார்.

அந்தப் பெயர்களை வாசிக்கக் கேட்ட கடைசி ஆள் தான்தான் என்பது அவனுக்கு உறைத்தது.

"செல்லாயி," என்றான்.

சமையலறையில் ஒரு ஜோடிக் கை தட்டியது.

"பத்துமலை. சன்னாசி. நல்லம்மாள்."

குளியலறையில். அறையில். கதவுக்குப் பின்னால்.

சொல்லிக்கொண்டே போனான். இருபது. முப்பது. முப்பத்தாறு. அதற்குமேல் வரவில்லை. ஐந்து பேர் மிச்சம். தட்டாதவர்கள். ஈரக் காலடிகள் நாற்காலியை நெருங்கின. பிடரியில் மூச்சு. குளிர்ந்த மூச்சு.

"மன்னிச்சிருங்க. ஞாபகம் வரல."

"விரும்பிக் கேட்பவர்..." என்றது டேப்.

அவனிடம் வேறு பெயர் இல்லை.

"தனேஸ்வரன்," என்றான். "குனோங் ராபாட்."

வீடே அதிரும்படி கைதட்டினார்கள். அவன் பெயருக்கு அதுவரை யாரும் கைதட்டியதில்லை. அந்தப் பயத்திலும் ஒரு கணம் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. திரும்பினான்.

கூடத்தின் தரை முழுக்க வரிசை வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இருட்டில் முகங்கள் இல்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து, ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்கள்.

அவனுடைய கைகள் அவனைக் கேட்காமலே தட்டிக்கொண்டிருந்தன.