உன் வீட்டிலிருந்து ஒரு பெயர்

மலை மேலிருக்கும் அந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தது மழை தொடங்கியிருந்த ஒரு ஜூன் மாதத்தில். குடும்ப மருத்துவம் பயில வந்த புது டாக்டர்கள் நாங்கள் மூன்று பேர். நான், ஜிஷா, அப்புறம் கட்டப்பனைக்காரப் பையன் ஒருவன். அந்தப் பையன் ஓணத்துக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவேயில்லை. எங்கள் ஆசிரியர் குரியாக்கோஸ் சார்தான் காரணம்.

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. செத்தவரைப் பற்றி இப்படிச் சொல்லக்கூடாது என்பார்கள். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். நோயாளிகளிடம் தேனொழுகப் பேசுவார். எங்கள் பக்கம் திரும்பினால் நாக்கு பிளேடாகிவிடும்.

ஆஸ்பத்திரியின் பின்கோடியில் ஒரு பழைய கல் கட்டடம் இருந்தது. முன்பு பிரசவ வார்டாக இருந்த இடம். அதில் ஓர் அறையைத்தான் எங்கள் பயிற்சிக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் பெரிய கண்ணாடி. உள்ளே இருப்பவருக்கு அதில் தன் முகம் மட்டுமே தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் இருட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு உள்ளே நடப்பது எல்லாம் தெரியும். பேச்சு ஒரு சின்ன ஸ்பீக்கர் வழியாக வரும். அந்த இருட்டறையில் எப்போதும் பினாயிலும் பூஞ்சையும் கலந்து நாறும்.

வாரம் ஒருமுறை கெட்ட சேதி சொல்லும் பயிற்சி. முன்னாள் நாடக நடிகை அம்மிணி சேச்சி பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக வந்து உட்காருவார். நாங்கள் எதிரில் உட்கார்ந்து, அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டு, மெதுவாக சேதியைச் சொல்ல வேண்டும். கதறி முடித்ததும் சேச்சி மூக்கைச் சிந்திவிட்டு எங்களோடு பருப்பு வடை தின்பார். "இன்னைக்கு எத்தனை பேரைக் கொன்னீங்க டாக்டரே?" என்று கேட்டுச் சிரிப்பார்.

குரியாக்கோஸ் சாருக்கு இரண்டு பிடிவாதம். 'போயிட்டான்', 'கடவுள் கூப்பிட்டுக்கிட்டார்' என்றெல்லாம் மழுப்பக்கூடாது. 'இறந்துட்டான்' என்ற சொல் வாயிலிருந்து வந்தாக வேண்டும். இன்னொன்று, இறந்தவனுக்கு வைக்கும் பெயரை நம் வீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

"கற்பனைப் பேரு சொன்னா உங்க குரல் காட்டிக் குடுத்துரும். உங்களுக்கும் கொஞ்சம் வலிக்கட்டும்," என்பார்.

நான் என் தம்பி பெயரைச் சொல்லிவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தேன். முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி சொல்லச் சொன்னார்.

ஜிஷாவுக்கு அந்தச் சொல் வரவே இல்லை. நாலு வயதில் அவளுக்கு ஒரு மகன், நிவேத். மலையடிவாரத்தில் மாமியார் வீட்டில் வளர்ந்தான். ஞாயிற்றுக்கிழமைதான் அவனைப் பார்ப்பாள். சார் அந்தப் பெயரைத்தான் கேட்டார்.

"சாரே, எங்கப்பா பேரை வெச்சுக்கறேன். பிள்ளை பேரு மட்டும் வேண்டாம்."

"ஏன், பிள்ளைக்கு மட்டும் என்ன கிரீடமா வெச்சிருக்கு?"

"பெத்த வாயால எப்படி சாரே..."

"அப்ப டாக்டர் வேலை எதுக்கு? இன்னைக்குச் சொல்லலேன்னா பரீட்சைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். போய் ரப்பர் மரத்துல பால் வெட்டு."

அன்று மத்தியானம் மழை கொட்டியது. ஜிஷா உள்ளே போய் உட்கார்ந்தாள். நானும் சாரும் இருட்டறையில் இருந்தோம். கதவு திறந்தது. பழைய காலத்து வெள்ளைச் சட்டையும் முண்டும் கட்டி, தலையை மூடிய ஒரு வயதான பெண் வந்து எதிரில் உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் ஈரம்.

"அம்மிணி இன்னைக்கு வேஷமெல்லாம் கட்டிட்டு வந்திருக்கா," என்று சார் முணுமுணுத்தார்.

ஜிஷா சொல்லிக்கொடுத்தபடி ஆரம்பித்தாள். "உங்க பிள்ளையப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும் அம்மச்சி?"

"பிறந்ததும் உள்ள எடுத்துட்டுப் போனாங்க. டாக்டர் வந்து சொல்வாரு, வெளிய உக்காருன்னாங்க." ஸ்பீக்கரில் வந்த குரல் கரகரத்தது. "உக்காந்திருக்கேன். யாரும் வரல."

அம்மிணி சேச்சியின் குரல் அப்படி இருக்காது.

"பிள்ளை பேரு என்ன?"

"பேரு வைக்கறதுக்குள்ள கொண்டு போயிட்டாங்களே. நீ சொல்லு மோளே. என் பிள்ளை பேரு என்ன?"

ஜிஷா கண்ணாடியைப் பார்த்தாள். எங்களைத்தான் பார்த்தாள், அவளுக்குத் தெரியாவிட்டாலும். சார் கண்ணாடியை விரலால் தட்டினார். மேலே சொல்லு என்று அர்த்தம்.

"உங்க மகன் நிவேத்... இறந்துட்டான் அம்மச்சி."

அந்தப் பெண் அழவில்லை.

"நிவேத்," என்றாள், வாயில் போட்டு ருசி பார்ப்பவளைப் போல. "நல்ல பேரு. நான் போய்க் கூட்டிக்கறேன்."

எழுந்து போய்விட்டாள்.

"இன்னைக்குத்தான் உன் குரல்ல உண்மை இருந்துச்சு," என்று சார் வெளித் தாழ்வாரத்தில் ஜிஷாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு குடை மடங்கியது. முழங்கால் வரை சேறோடு அம்மிணி சேச்சி நின்றார்.

"மன்னிக்கணும் சாரே. ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ் நின்னுபோச்சு. நடந்தே வரேன். ஆரம்பிச்சாச்சா?"

ஜிஷா கதவு வழியே காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜிஷாவின் போன் அடித்தது. மாமியார். அவர் கத்தியது எனக்கே கேட்டது. "பிள்ளை விளையாடிக்கிட்டே மயங்கி விழுந்துட்டான் ஜிஷா! எழுப்பினா எழுந்திருக்கல. மேல வர வழியில்ல, ரோடு அடைஞ்சிருக்கு. வாசல்ல யாரோ ஒரு அம்மச்சி நனைஞ்சுக்கிட்டு நின்னு அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடறா. விரட்டினா போக மாட்டேங்குறா!"

 ஜிஷா சாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாரே, நீங்க வந்து சொல்லுங்க. இது பயிற்சிதான், பொய்தான்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

சார் கையை உதறினார். "காய்ச்சல்ல வலிப்பு வந்திருக்கும். குழந்தைங்களுக்குச் சகஜம். படிச்சவதானே நீ? பேய்க்கதை பேசறே. பின்ஸி, வா. இவ அழுது முடிக்கட்டும்." என்னை இழுத்துக்கொண்டு இருட்டறைக்குத் திரும்பினார். அழுகையையும் பார்த்து மதிப்பெண் போடுவார் போலிருந்தது. பாவி மனுஷன்!

ஜிஷா அழவில்லை. அந்த அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். நாற்காலியை முன்னால் இழுத்து, காலி நாற்காலிக்கு எதிரே, முட்டி முட்டியைத் தொடும்படி உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

"அம்மச்சி, நான் தப்பாச் சொல்லிட்டேன். நிவேத் உங்க மகனில்ல. என் மகன்."

எதிரில் யாரும் இல்லை.

ஸ்பீக்கர் கரகரத்தது. "அப்ப என் பிள்ளை பேரு என்ன?"

ஜிஷா நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். அவள் முகத்தில் நடுக்கம் துளியும் இல்லை. சார் இத்தனை நாள் எதை எதிர்பார்த்தாரோ அது வந்துவிட்டது.

"உங்க மகன் பேரு குரியாக்கோஸ்," என்றாள். ஒவ்வொரு சொல்லாக, தெளிவாக. "அவன் இறந்துட்டான் அம்மச்சி. அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கான். போய்க் கூட்டிக்கங்க."

"என்ன திமிர் இவளுக்கு," என்று சார் எழுந்தார்.

எழுந்தவர் அப்படியே நின்றார்.

பினாயில் வாடை போய்விட்டது. ஈரத் துணியின் வாடை வந்தது. பேறுகாலத்து இரத்தத்தின் வாடையும்.

ஸ்பீக்கர் ஓய்ந்திருந்தது.

எனக்கும் அவருக்கும் நடுவில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"பின்ஸி," என்றார் சார், சின்னக் குரலில். "லைட்டைப் போடு."

என் கை எழவில்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுகியது.

"மோனே... என் மகனே..." அதே கரகரத்த குரல்.

பிடி தளர்ந்தது.

நான் தடுமாறிப்போய் விளக்கைப் போட்டேன். சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. சட்டை முழுவதும் நனைந்திருந்தது. அவரைத் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தினேன், மூச்சு ஊதினேன், கை ஓயும் வரை. எனக்கு அவரைப் பிடிக்காதுதான். ஆனாலும் உயிரோடு கொண்டுவர முழு மனதோடு போராடினேன். பக்கத்து அறையில் ஜிஷாவின் போன் அடித்தது. "எழுந்துட்டான்! தண்ணி கேக்கறான்!" என்று மாமியார் அழுவது சுவரைத் தாண்டிக் கேட்டது. ஜிஷா சிரித்தாள். அவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மாரடைப்பு என்று எழுதினார்கள். வேறு என்ன எழுதுவார்கள்?

மழை விட்டு ரோடு சரியானதும் அடக்கத்துக்குப் போனோம். அவர் வீட்டுக் கூடத்தில் பெட்டி வைத்திருந்தார்கள். கன்னியாஸ்திரீகள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜிஷா மகனை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். பெட்டியின் கால்மாட்டில் சாரைப் பெற்ற தாய் நின்றுகொண்டிருந்தார். தொண்ணூறை நெருங்கிய உடம்பு. தலைமாட்டில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. நான் அதைக் காட்டி, "உக்காருங்க அம்மச்சி, கால் வலிக்கும்," என்றேன்.

"எங்க உக்கார்றது? அதான் இவ உக்காந்திருக்காளே."

"யாரு அம்மச்சி?"

"யாருன்னே தெரியல. விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டா. நான் பெத்த பிள்ளைன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன். தலைய மடியிலிருந்து இறக்க மாட்டேங்குறா. கிட்டப் போனா கையைத் தட்டி விடறா." கிழவியின் தாடை நடுங்கியது. "நீ டாக்டர்தானே மோளே. நீ சொன்னா கேப்பா. ஒரே ஒரு முத்தம் குடுத்துக்கறேன்னு சொல்லேன்."

புத்தி பேதலித்துவிட்டது என்று பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். நான் பெட்டிக்குள் பார்த்தேன். சாரின் தலை தலையணையைத் தொடாமல் உயர்ந்திருந்தது. கிழவி என் பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.