பரவாயில்லைக்கு என்ன பொருள்?

அளவுக்கு மீறிய மகிழ்ச்சிக்காக லிங்கேஷைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள்.

காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் அகமானி வந்த பிறகு யாரும் யாரிடமும் உள்ளதை மறைக்க முடிவதில்லை. ஒருவர் வாயைத் திறந்தால் போதும், அந்தச் சொல்லின் அடியில் கிடக்கும் உணர்வை எதிரில் இருப்பவரின் மணிக்கட்டுத் திரையில் அது எழுதிக் காட்டிவிடும். புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் வலியை வெளியே சொல்வதில்லை என்று முதலில் அவர்களுக்காகத்தான் செய்தார்கள். பிறகு ஊரே மாட்டிக்கொண்டது.

பணிமனை மேலாளர் தினமும் காலையில், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார். ஐம்பது வயது ஓட்டுநர் லிங்கேஷ், "பரவால்ல சார்" என்பார். உடனே திரை, 'தலைகால் புரியாத ஆனந்தம். சொல்லும் உணர்வும் பொருந்தவில்லை' என்று எழுதும். மூன்று முறை பொருந்தாவிட்டால் வண்டி ஓட்டக் கூடாது என்பது விதி. துக்கத்தில் இருப்பவனை நம்பி வண்டியைக் கொடுத்தாலும் கொடுப்பார்கள், சந்தோஷமாக இருப்பவனை நம்ப மாட்டார்கள்.

வண்டி திரும்பக் கிடைக்க வேண்டுமானால் அகமானியை உருவாக்கிய மீண்டோர் ஆய்வகத்தின் தலைவர் டாக்டர் நிலோபர் கையெழுத்துப் போட வேண்டும். மனைவி ஹரிணியையும் அழைத்துக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்தார் லிங்கேஷ்.

"வீட்டுல சும்மா உக்கார முடியல மேடம். சிகிச்சை முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சு. ஸ்டியரிங்கப் புடிச்சாத்தான் நல்லாருக்கேங்கிற நெனப்பே வருது."

"மானி தப்பாக் காட்டுதா?"

"இல்ல மேடம், சரியாத்தான் காட்டுது," என்று சிரித்தார் ஹரிணி. "நீங்களே சொல்லுங்க அத."

லிங்கேஷ் கூச்சத்தோடு ஆரம்பித்தார். "ஆப்பரேஷன் முடிஞ்சு ரிசல்ட் வந்த அன்னைக்கு டாக்டர் என்னையப் பாத்து 'பரவல'ன்னாரு. பயத்துல எனக்கு 'பரவால்ல'ன்னு கேட்டுட்டு. வந்துச்சே கோவம். 'ஒமக்கு என்ன வே, வந்தது எனக்குல்லா'ன்னு சண்டைக்குப் போயிட்டேன்."

"அந்த மனுசன் பாவம், ஒரு சீட்டுல 'பரவவில்லை'ன்னு எழுதிக் காட்டுனாரு," என்றார் ஹரிணி. "நோய் வேற எடத்துக்குப் போகலன்னு அப்பதான் புரிஞ்சுது. ரெண்டு பேரும் அங்கனயே அழுது சிரிச்சோம். அன்னையிலருந்து சாம்பார்ல உப்பு எப்படின்னு கேட்டாலும் 'பரவால்ல'ம்பாக. சொல்லும்போது மொகத்தப் பாக்கணும் நீங்க."

நிலோபருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும். ஒன்பது ஆண்டுகளாக மூவாயிரம் பேரின் அனுபவங்களைச் சேகரித்தவர், அந்தச் சொல்லை எதற்காகச் சொல்கிறீர்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. ஒரு குறில் நெடிலாகக் காதில் விழுந்ததில் இவ்வளவு இருக்கிறது என்பது எந்தத் திரையிலும் வரவில்லை.

கையெழுத்துப் போட்டார். லிங்கேஷ் மறுநாளே வண்டியில் ஏறினார்.

பிறகு நிலோபர் மற்றவர்களையும் கூப்பிட்டுக் கேட்டார். ஒரு தையல்காரருக்கு அந்தச் சொல், 'விரல் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது, பழகிவிட்டது.' ஓர் ஆசிரியைக்கு, 'இதற்கு மேல் கேட்காதே.' இன்னொருவர் பொருளே இல்லாமல் சொல்லிப் பழகியிருந்தார். இதில் எதை மானிக்குச் சொல்லிக் கொடுப்பது? யோசித்து யோசித்து, கடைசியில் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அளவீட்டையே எடுத்துவிட்டார். யார் 'பரவாயில்லை' என்றாலும் திரையில் இனி 'கேட்டுத் தெரிந்துகொள்ளவும்' என்றுதான் வரும்.

ஜனங்கள் முதலில் அலுத்துக்கொண்டார்கள். பிறகு வேறு வழியில்லாமல் கேட்டார்கள். வார்டில் கேட்டார்கள், சாப்பாட்டு மேஜையில் கேட்டார்கள், பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டார்கள்.

ஆறு மாதத்தில் அகமானிகள் மூட்டை மூட்டையாக ஆய்வகத்துக்குத் திரும்பி வரத் தொடங்கின. கருவியில் ஏதோ கோளாறு என்று பதறிப்போன நிலோபர், திருப்பிக் கொடுக்க வந்த ஓர் அம்மாளை நிறுத்திக் காரணம் கேட்டார்.

"கோளாறுல்லாம் ஒண்ணுமில்ல. கேட்டா அவுகளே சொல்லிருதாக. அப்புறம் இது எதுக்கு?"