இன்னும் நாலு நாள் பாக்கி

"கொலைகாரா… இறங்குடா கீழே!"

அவள் போட்ட கத்தலில், வீட்டுக் கூரையின் தேன்கூட்டருகே தெளிப்பான் டப்பாவோடு ஏணியில் நின்றவன் திரும்பினான். மழை நனைத்த முகம், அதில் சிரிக்கிற இரண்டு கண்கள்… திட்டுவதற்கு இப்படி ஓர் அழகனா கிடைக்க வேண்டும்!

"மருந்தடிக்க வரலைங்க. டப்பாவுல வெறும் தண்ணி. தேனீக்களைக் கொல்லாம பெட்டிக்கு மாத்தறதுதான் என் வேலை. உங்கப்பாதான் கூப்பிட்டாரு."

அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. அகிம்சையும் எளிமையுமே வாழ்க்கை என்றிருக்கும் வீடு அது. ஆளுக்கு நாலு உடுப்பு, ஒரு தட்டு. எறும்புக்குக்கூட வழிவிட்டு நடப்பார்கள். கடுஞ்சொல்லும் அங்கே அடிதான். சொன்னவருக்கு ஏழு நாள் மௌனம். எழுதிக் காட்டக்கூடாது, தலையாட்டவும் கூடாது. காரணத்தை வெளியாளிடம் யாரும் சொல்லவும் மாட்டார்கள், அது தற்பெருமையாம். சட்டம் போட்ட அப்பா, மகளுக்காக ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. அன்றே அவள் மௌனம் தொடங்கியது.

மழை விட்டுவிட்டுப் பெய்து வேலை இழுத்ததால் அவன் மூன்று நாள் வந்தான்.

"இன்னும் கோவமாங்க? தேனீ கொட்டினா ஒரு மணி நேரத்துல வலி போயிடும். நீங்க கொட்டினது இருக்கே…"

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். ஐயோ, இவன் கண்ணைப் பார்க்காமல் எப்படி இருப்பது!

மூன்றாம் நாள் பெட்டியை மூடியவன் தயங்கினான். "நாளைக்கு மலைத்தோட்டத்துக்குப் போறேன், திரும்ப ஒரு வருஷமாகும். நீங்க போகாதீங்கன்னா… போகல."

கூடத்தில் அப்பா நின்றிருந்தார். மௌனத்தில் இன்னும் நாலு நாள் பாக்கி. அவள் கண்கள் கெஞ்சின, கலங்கின. அவனுக்குப் புரியவில்லை.

"சரிங்க… புரிஞ்சுடுச்சு." பெட்டியோடு வாசலைத் தாண்டினான்.

"போகாதீங்க! உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் அப்பாவிடம் திரும்பினாள்.

"முதல்லேர்ந்து ஆரம்பிக்கறேன்ப்பா, பதினாலு நாள்கூட இருக்கேன். ஆனா ஒரு தப்பும் செய்யாதவரை ஏற்கெனவே திட்டியாச்சு. இப்ப பதில் சொல்லாம அனுப்பினா, அது அதைவிடக் கொடுமை இல்லியா?"

அப்பாவின் கண்டிப்பான முகம் மெல்ல மலர்ந்தது.

"பதினாலு நாளே இரும்மா. இந்தப் பிள்ளைகிட்ட காரணத்தை நானே சொல்லிடறேன்."

காரணத்தைக் கேட்டதும் அவன் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

"பதினாலு நாளும் இவங்களுக்கும் சேர்த்து நானே பேசறேன்… மாமா! எனக்கும் இவங்களைப் பிடிச்சிருக்கு. ஏணியில நின்னப்பவே!"