முகவரி கேட்ட மாப்பிள்ளை

ட்ர்ர்ர்ரிங்...!

பயிற்சி அறையில் செல்போன் அலறியது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அலறியது பாடம் நடத்திக்கொண்டிருந்தவருடைய போன்! சற்று முன்புதான் போனை அணைத்து வைக்கச் சொல்லி எல்லாரையும் விரட்டியிருந்தார்.

டெலிபோன் கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் சட்டப்புலி. வாடிக்கையாளர் ரகசியம் பற்றி மாநில அரசு கொண்டுவந்த புதுச் சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒருவருடைய முகவரியை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொன்னால் மூன்று வருடம் உள்ளே! இதைச் சொல்லும்போது மட்டும் மனிதருக்குக் குரல் இரண்டு மடங்காகிவிடும்.

"ஒரு நிமிஷம்..." அசடு வழிந்தபடி போனை எடுத்தார்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க தங்கச்சி குடியிருக்கிற கட்டடத்துல ஒரு பொணம் கெடக்கு. அடையாளம் காட்டணும். உடனே வாங்க!"

"சார்... யாரு சார்... தங்கச்சியா...?"

லைன் கட்!

சட்டப்புலி பாடத்தை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினார்.

டாக்சியில் விழுந்ததும் நேற்று மத்தியானம் நடந்தது கண்முன் வந்து நின்றது.

தங்கையின் கணவர் ஆபீசுக்கே வந்திருந்தார். அவருடைய அடி பொறுக்காமல் தங்கை வீட்டை விட்டுப் போய் இரண்டு மாதம். எங்கே போனாள் என்று அண்ணனிடம்கூட அவள் சொல்லவில்லை.

"மச்சான்... உங்க கால்ல விழறேன். அவ எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. மன்னிப்புக் கேட்டுக் கூட்டிட்டு வந்துடறேன்!"

"ஐயோ, எந்திரிங்க மாப்பிள்ளை! நாலு பேர் பாக்கறாங்க..."

கம்ப்யூட்டரில் தங்கையின் நம்பரைத் தட்டினார். சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. முகவரியை யாருக்கும் தரக் கூடாது... குடும்பத்தாருக்கும்! சட்டம் கொடுத்த உரிமையில் தங்கையே பதிவு செய்தது.

சுருக்கென்றது அவருக்கு. கூடப் பிறந்த அண்ணனும் வேற்று ஆளா?

அந்த ரோஷம் இருக்கிறதே... மாப்பிள்ளையின் கண்ணீரைவிட அதுதான் அவரை ஆட்டிவைத்தது! முகவரியை அப்படியே மெசேஜில் அனுப்பிவிட்டார்.

டாக்சி நின்றது.

கட்டடத்தின் பின்புறம். துணி போர்த்திய உடல். பக்கத்தில் ஒரு கத்தி!

சட்டப்புலி மண்ணில் சரிந்தார்.

"நான்தான் சார் கொன்னேன்...!"

"என்னது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"குடுக்காதீங்கன்னு பதிவு பண்ணியே வெச்சிருந்தா சார்... படிச்சேன். படிச்சும் குடுத்தேன். ஊருக்கெல்லாம் சட்டம் சொல்ற வாய் சார் இது... என் மூஞ்சில காறித் துப்புங்க!"

போலீஸ்காரர்கள் முன்னால், வேடிக்கை பார்த்த அக்கம்பக்கத்தார் முன்னால், வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. தங்கையின் முகத்தைப் பார்க்கிற யோக்கியதைகூடத் தனக்கு இல்லை என்று கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணைத் தொறந்து பாருங்க!"

துணி விலகியது.

மாப்பிள்ளை!

"உங்க தங்கச்சி கதவைத் தொறக்கல. கத்தியும் கையுமா பின்பக்கம் தண்ணிக் குழாயைப் பிடிச்சு மாடி ஏறியிருக்கான். குழாய் உடைஞ்சிடுச்சு. செத்தவன் போன்ல உங்க மெசேஜ்!"

"தங்கச்சி...?"

"நல்லா இருக்காங்க."

"இதைப் போன்லயே சொல்லியிருக்கலாமே சார்...!"

"சொல்லியிருக்கலாம். உங்க மெசேஜைப் படிச்சேன். வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வரட்டும்னு விட்டுட்டேன். நடங்க ஸ்டேஷனுக்கு!"

படியில் காலடிச் சத்தம். தங்கை! முகம் வெளிறிப் போயிருந்தது.

"அம்மாடி... அண்ணனை மன்னிச்சிடும்மா..." அவரால் நிமிர முடியவில்லை. தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

அவள் அவரைத் தாண்டி இன்ஸ்பெக்டரிடம் வந்தாள்.

"உங்ககிட்ட வாக்குமூலம் வாங்கணும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "நம்பர் சொல்லுங்க, கூப்பிடறேன்."

"பழைய நம்பரை இன்னிக்கே விட்டுடப் போறேன் சார். புது நம்பர் தர்றேன். ஆனா வாயால சொல்ல மாட்டேன், எழுதித்தான் தருவேன்."

"ஏம்மா?"

"எங்கண்ணன் பக்கத்துலயே நிக்கிறாரு சார். ரொம்ப இளகின மனசு... அடுத்து எவன் வந்து அழுதாலும் குடுத்துடுவாரு!"