இறந்தவர்கள் தட்டக்கூடாது

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எட்னா பழைய பீர் ஆலைக்கு வந்து சேர்ந்தபோது, ஆற்று மூடுபனி வாசல் வரை வந்து நின்றிருந்தது. ஆலையில் பாதி, போன வசந்தத்தில் விழுந்த குண்டோடு போய்விட்டது. மீதிப் பாதி எதற்காக நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றது. புளித்த தானிய வாடை மட்டும் குறையாமல் முழுசாக இருந்தது.

முற்றத்தில் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி பிம்லாட் பேசிக்கொண்டிருந்தார். குண்டுவீச்சில் சிக்குகிறவர்களை மீட்கும் காவல் தொண்டர்களுக்கு இந்தத் துறைமுகப் பகுதியில் அவர்தான் தலைவர். போருக்கு முன்னால் பெண்களுக்கான உள்ளாடைக் கடை வைத்திருந்தார், இப்போதும் வைத்திருக்கிறார். முந்தைய போரில் கிடங்கில் உட்கார்ந்து கம்பளி எண்ணியவர் என்பதால் எல்லோரும் தன்னை ‘கேப்டன்’ என்று அழைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அழைக்காமல் இருப்பது ஊருடைய விருப்பம்.

அரசாங்கம் தொண்டர்களுக்கு ஒரு கையேடு கொடுத்திருந்தது. மெலிந்த, உருப்படியான புத்தகம். பிம்லாட்டுக்கு அது போதவில்லை. சொந்தச் செலவில் ஒரு பின்னிணைப்பு அச்சடித்து எல்லோர் தலையிலும் கட்டினார். அது கையேட்டைவிடத் தடிமன். ஒத்திகையில் அடிபட்டவராக நடிப்பவர்கள் கழுத்தில் அட்டை தொங்க வேண்டும்: கால் முறிந்தவர், தீக்காயம் பட்டவர், இறந்தவர். உயிரோடிருப்பவர்களை முதலில் தூக்க வேண்டும். இறந்தவர்கள் கடைசி. அதற்கடுத்த வரிதான் பிம்லாட்டின் சொந்தச் சரக்கு: ‘இறந்தவர்கள் தட்டக்கூடாது, கூப்பிடக்கூடாது, இருமலையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும்.’

ஐவி அதை அப்படியே செய்தாள்.

போன வசந்தத்தில் இதே ஆலையில்தான் ஒத்திகை. எட்னாவோடு மீன் புகைபோடும் கொட்டகையில் வேலை பார்த்த ஐவிக்கு ‘இறந்தவர்’ அட்டை. தீராத இருமல்காரி, ஓயாத வாயாடி. ஆனால் அன்றைக்கு வட்டார ஆய்வாளர் பார்க்க வந்திருக்கிறார் என்பதால், நிலவறையில் மூச்சுக்கூட விடாமல் படுத்துக் கிடந்தாள். உயிரோடிருந்தவர்களை எல்லாம் தூக்கியாயிற்று. பிம்லாட் விசில் ஊதினார், ‘அனைவரும் வெளியேறினர்’ என்று ஆய்வாளரிடம் சொன்னார், தேநீருக்கு அழைத்துப்போனார். இறந்தவளைத் தூக்க வேண்டும் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. ஐவி வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தார்கள்.

தேநீர் ஆறுவதற்குள் நிஜமான அபாயச் சங்கு ஊதியது. குண்டு ஆலை மேலேயே விழுந்தது.

கொட்டகையிலிருந்து எட்னா ஓடிவந்தபோது இடிபாடுகளின் மேல் மௌன விசில் ஊதியிருந்தார்கள். முதல் ஊதலில் எல்லோரும் அசையாமல், பேசாமல், அடியிலிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். இரண்டாவது ஊதலில்தான் வேலையைத் தொடரலாம். அந்த மௌனத்தில் எட்னா கேட்டாள். இரண்டு தட்டல் அவசரமாக. ஒன்று, மறந்துபோய் நினைவு வந்ததுபோல், பின்னால். ஐவி எப்போதும் எட்னா வீட்டுக் கதவை அப்படித்தான் தட்டுவாள்.

“தண்ணிக் குழாய்” என்றார் பிம்லாட். அனைவரும் வெளியேறினர் என்று சொன்ன வாய் வேறென்ன சொல்லும்? குழுவை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிட்டார்.

பிறகு ஐவியின் உடலை எடுத்தபோது கையில் செங்கல் துண்டு இருந்தது. அதற்கும் பிம்லாட்டிடம் விளக்கம் இருந்தது. ஒத்திகை முடிந்த பிறகு கரி திருட அவளாகவே திரும்பி உள்ளே போயிருக்கிறாள்! ஊர் அந்தக் கரியைப் பிடித்துக்கொண்டது. இறந்த தொண்டர்களுக்காகத் தேவாலயத்தில் வைத்த நினைவுக் கல்லில் அவள் பெயர் இல்லை. அவள் புருஷன் வில்ஃப் மீன்பிடிப் படகிலிருந்து கரைக்கு இறங்குவதையே நிறுத்திவிட்டான். எட்னா எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தாள். “அதிர்ச்சில பொம்பளைங்களுக்குக் காதுல அப்படித்தான் கேக்கும்” என்று சொல்லி முடித்துவிட்டார் பிம்லாட்.

இன்று அதே ஆய்வாளர் மறுபடி வந்திருந்தார், மூக்கில் சளியோடு.

“இறந்தவரா யாரு படுக்கிறீங்க?” என்று பிம்லாட் கேட்டார். எல்லோரும் பூட்ஸைப் பார்த்தார்கள்.

“நான் கால் முறிஞ்சவன். போன தடவையே சொல்லிட்டேன்” என்றான் குழாய் வேலை செய்யும் கிளெம்.

“எனக்குக் குடுங்க அட்டைய” என்றாள் எட்னா.

பிம்லாட் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. “சத்தம் கித்தம் வரக்கூடாதும்மா.”

“பின்னிணைப்பு எனக்கு மனப்பாடம் சார்.”

அவளுடைய திட்டம் எளிமையானது. மௌன விசில் ஊதியதும் ஆய்வாளர் காதில் விழும்படி ஐவியின் தட்டலைத் தட்டுவது. பிம்லாட் மறுபடி ‘குழாய்’ என்பார். அப்போது எழுந்து வெளியே வந்து, ‘அன்னைக்கும் இந்தக் குழாய்தான் செத்துது’ என்று சொல்வது.

நிலவறைப் படிகளில் இறங்கும்போது வெளிச்சம் படிக்குப் படி குறைந்துகொண்டே வந்தது. சுவரில் ஈரம் கசிந்தது. பழைய சுண்ணாம்பும் எலியும் கலந்த வாடை. எட்னா தரையில் படுத்தாள். குளிர் முதலில் முதுகில் ஏறி, பிறகு பல்லுக்கு வந்தது. ஒரு செங்கல் துண்டைத் தேடிக் கையில் எடுத்துக்கொண்டாள். மேலே கால்கள் நடந்தன, கிளெம் நன்றாக முனகினான், யாரோ சிரித்தார்கள். ஒவ்வொருவராகத் தூக்கிப்போனார்கள்.

பிறகு விசில்.

மௌனம்.

எட்னா செங்கல்லைத் தூக்கினாள்.

அதற்குள் யாரோ தட்டினார்கள்.

இரண்டு அவசரமாக. ஒன்று பின்னால்.

கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. சத்தம் மேலேயிருந்து வரவில்லை. அவள் இடது பக்கத்திலிருந்து, ஒரு கை எட்டும் தூரத்திலிருந்து வந்தது.

மேலே ஆய்வாளரின் குரல், மூக்கடைத்து: “என்ன அது?”

“தண்ணிக் குழாய், ஐயா.”

“குழாயா?” இது கிளெம். “இங்க ஏது குழாய்? கோடையிலயே நாந்தான மொத்தத்தையும் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டேன்?”

“மௌன நேரத்துல பேசக்கூடாது!”

“நீங்க மட்டும் பேசலாமா?”

மறுபடி தட்டல். பிறகு இருட்டில் இன்னொரு சத்தம் கேட்டது. யாரோ வாயைக் கையால் பொத்திக்கொண்டு, நெஞ்சுக்குள்ளேயே அடக்கும் இருமல்.

புகைபோட்ட மீன் வாடை. இருமல் மிட்டாய் வாடை. பக்கத்தில் நனைந்த கம்பளிக் கோட்டு ஒன்று அவள் தோளைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அதற்குள் சூடு இல்லை.

இருமல் மறுபடி வந்து, மறுபடி அடங்கியது. விதிமுறைப்படி.

எட்னாவுக்குப் பயம் இருந்தது. ஆனால் அந்த அடக்கிய இருமலைக் கேட்டதும் பயத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வேறொன்று மேலே வந்தது. செத்த பிறகும் இவள் அந்த உள்ளாடைக் கடைக்காரனுக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறாளே!

இருட்டுக்குள் திரும்பிக் கிசுகிசுத்தாள்.

“இருமுடி.”

எட்னா அந்தக் கோட்டை முழங்கையால் இடித்தாள்.

“ஐவி, நல்லா இருமு. தட்டு. எவன் கேக்குறான்னு பாத்துடுவோம்.”

இருமல் வெடித்தது. வசந்தத்திலிருந்து சேர்த்துவைத்த இருமல். நிலவறை முழுக்க அது மோதித் திரும்பியது. கூடவே தட்டல், இப்போது சுவரில், இப்போது கூரையில், இப்போது பிம்லாட் ஏறி நின்ற பெட்டிக்கு நேர் அடியில். எட்னாவும் சேர்ந்து தட்டினாள், செங்கல் கையிலேயே உடையும் வரை.

மேலே பிம்லாட் இரண்டாவது விசிலை ஊதப் பார்த்தார். இரண்டாவது ஊதல் வராமல் மௌனம் முடியாதே. அவர் எழுதிய விதிதான். கன்னம் உப்பியது, முகம் சிவந்தது, விசிலிலிருந்து வெறும் காற்று வந்தது. ஒருவரும் அசையவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவருடைய படை அவர் சொன்னபடி நின்றது.

பெட்டி அடியில் இரண்டு அவசரமாக. ஒன்று பின்னால்.

“எனக்குத் தெரியும்!” பிம்லாட்டின் குரல் கிழிந்தது. “அன்னைக்கே கேட்டுச்சு! ஐவின்னு தெரியும்! எல்லாரும் வெளிய வந்தாச்சுன்னு சொல்லிட்டேனே, எப்படித் திருப்பிச் சொல்லுவேன்? கரி… கரி நான் சொன்ன பொய்!”

தட்டல் நின்றது.

விசில் தானாகவே ஒருமுறை கீச்சென்றது என்று கிளெம் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான். எட்னா படியேறி வெளியே வந்தாள். ஆய்வாளர் கைக்குட்டையை மூக்கிலேயே மறந்து வைத்திருந்தார்.

“உள்ள தட்டினது நீதானாம்மா?”

“நானும்தான்” என்றாள் எட்னா.

அந்த மாதமே ஐவியின் பெயர் தேவாலயக் கல்லில் ஏறியது. வெட்டிய எழுத்துகள் மேல் வில்ஃப் விரலை வைத்துப் பார்த்தான், பிறகு தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். பிம்லாட் உள்ளாடைக்கே முழுநேரமாகத் திரும்பினார். கடையில் யாராவது கல்லாப் பலகையைத் தட்டினால் பின்வாசல் வழியாக ஓடுகிறார் என்று கேள்வி. தலைமைப் பொறுப்பு எட்னாவுக்கு வந்தது. அவள் செய்த முதல் காரியம், பின்னிணைப்புகளை எல்லாம் வாங்கி அந்த ஒரு வரியைக் கரித்துண்டால் அடித்ததுதான்.

பனிக்காலக் கடைசியில் பாதிரியார் தெருவில் ஒரு வீடு விழுந்தது. விடிந்தும் விடியாத சாம்பல் வெளிச்சம். எட்னா விசில் ஊதினாள். எல்லோரும் நின்றார்கள். எங்கோ ஓர் ஓடு சரிந்தது.

இரண்டு அவசரமாக. ஒன்று பின்னால்.

கிளெம் எட்னாவைப் பார்த்தான். குழாய் என்று ஒருவரும் சொல்லவில்லை.

“தோண்டுங்க” என்றாள்.

மதியத்துக்குள் ஆளை எட்டிவிட்டார்கள். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் கிழவர் டோஸர். உயிர் இருந்தது. இரண்டு கைகளும் தோள்வரை உத்தரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன. கால்கள் இடுப்புவரை மண்ணுக்குள்.

கிளெம் அந்தக் கைகளைப் பார்த்தான். “தாத்தா,” என்றான் மெதுவாக, “அப்ப தட்டினது யாரு?”

கிழவர் சுண்ணாம்புத் தூசி படிந்த இமைகளைத் திறந்தார். பக்கத்தில் ஆள் படுக்கும் அளவுக்கு இருந்த இருட்டு இடுக்கை நோக்கித் தலையை அசைத்தார்.

“அந்தம்மாவ மொதல்ல தூக்குங்கப்பா. ராத்திரி பூரா இருமிக்கிட்டே இருந்துச்சு, பாவம். ‘நீங்க பேசாம படுத்திருங்க, தட்டுறது என் வேலை’ன்னுது.”