சத்தத்தைக் கூட்டியவன்

மழைக்கு ஒதுங்கியவள் மாதிரித்தான் எமிலியா அந்தப் போன் கடைக்குள் நுழைந்தாள். உண்மை அதுவல்ல. கண்ணாடி உடைந்த போனுக்கு ஒட்டுப்போட்டு மூன்று மாதம் ஓட்டியாயிற்று, இனிப் புதுசு வாங்கியே ஆக வேண்டும். உள்ளே போகத் துணிவு வருவதற்குள் அவள் வீடு இருக்கும் வெஸ்ட்லிக்குப் போகிற ரயில்கள் இரண்டு போய்விட்டன.

"உதவி வேண்டுமா?" என்று நோர்வே மொழியான நோர்ஸ்க்கில் ஒரு குரல்.

திரும்பினாள். அடடா, அந்தக் கண்கள்... மழை நின்ற பின் தெரியும் தார் வீதி மாதிரி, நல்ல கறுப்பு. சட்டையில் குத்தியிருந்த பெயர் சேந்தன். தமிழ்ப் பெயர்... நெஞ்சு ஒருமுறை துள்ளியது. அடுத்த நொடியே பயந்தது.

அவள் ஆசையோடு தொட்டுப் பார்த்த போனை அவன் மெல்ல வாங்கி வைத்தான். "இதை ஒப்பந்தத்தில் எடுத்தால் இருபத்துநாலு மாதம் கட்டுப்பட்டிருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் விலை எங்கேயோ போய்விடும். போன வருடத்து மொடல் போதும். கமராவில் பெரிய வித்தியாசமில்லை."

விற்க நிற்பவன் வாங்காதே என்கிறானே... எமிலியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள். கையில் முழுக்காசு இல்லை.

"ஒப்பந்தத்திலேயே எடுக்கிறேன்" என்றாள்.

"அப்படியென்றால் கிரெடிட் செக் செய்ய வேண்டும், கட்டாத பாக்கி ஏதும் இருக்கிறதா என்று." கணினியைத் திறந்தவன் குரலைத் தாழ்த்தினான். "நீங்கள் தமிழோ?"

"இல்லை." நோர்ஸ்க்கில் பட்டென்று சொன்னாள். "வேறு யாராவது எனக்கு உதவ முடியுமா?"

பொய் சொன்ன காரணம் அவளுடைய மேசை லாச்சிக்குள் கிடந்தது. மாணவர் விடுதியை விட்டு வந்த பிறகு அங்கிருந்து தேடி வந்த இன்டர்நெட் பில்கள்... பயத்தில் ஒரு கடிதத்தைக்கூட அவள் உடைக்கவில்லை. இந்தப் பெடியன் அதைக் கண்டால்? தேவாலயத்தில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து கோப்பி குடிக்கிற நேரத்தில் கதை நாலு மேசைக்குப் போய்விடும். பூசையில் வாசகம் வாசிக்கிறவர் அவளுடைய அப்பா அருளானந்தன்.

சேந்தன் "நிச்சயமாக" என்று சொல்லி நோரா என்ற பெண்ணை அனுப்பிவிட்டு, நாலடி தள்ளி ஸ்பீக்கர்களை அடுக்கப் போனான்.

அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்?

"எமிலியா... நீ இஞ்சை என்ன செய்யிறாய்? அப்பா சுகமே?"

கோயிலில் முன்வரிசையில் இருக்கும் மேரியம்மா அன்ரி. வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிய காலத்திலிருந்து அப்பாவைத் தெரிந்தவர்.

"ஓம் அன்ரி... சுகமா இருக்கிறார்."

சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். சேந்தனின் கை ஒரு கணம் நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கோபமில்லை அந்தப் பார்வையில். இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள் அவள். நிலம் பிளந்து விழுங்காதா என்றிருந்தது.

நோராவின் திரையில் சிவப்பாக ஏதோ வந்தது. கடை முழுக்கக் கேட்கும் குரல் நோராவுக்கு. "மன்னிக்கவும், உங்களுக்கு அவ்ஸ்..."

அவ்ஸ்லாக். நிராகரிப்பு. நோர்ஸ்க் பாதிதான் விளங்கும் என்றாலும், அகதி விண்ணப்பம் போட்ட காலத்திலிருந்து அந்த ஒரு சொல் மட்டும் மேரியம்மா அன்ரிக்குத் தூக்கத்திலும் விளங்கும்.

சொல் முடியவில்லை. தடாலென்று ஒரு பாட்டு அலறியது. கண்ணாடிக் கதவு அதிர்ந்தது, வாங்க வந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். அன்ரி சிலுவை போட்டுக்கொண்டார். சேந்தனின் விரல் பெரிய ஸ்பீக்கரின் மேல் இருந்தது.

உள்ளறையிலிருந்து மனேஜர் ஓடி வந்தார். எல்லோருக்கும் முன்னால் பேச்சு விழுந்தது. வேலைக்கு வந்து மூன்று கிழமை, இன்னும் நிரந்தரமில்லை, இதென்ன விளையாட்டு, கடையா களியாட்டமா...

"கை பட்டுவிட்டது" என்றான் அவன். அவ்வளவுதான்.

கை படவில்லை என்று எமிலியாவுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை. மழைக்குள் இறங்கி நடந்தாள்.

அது புதன்கிழமை. வியாழன் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒருவருக்கு இரண்டு தரம் மருந்து கொடுக்கப் போய், நல்லவேளை, அவரே தடுத்தார். மறுப்பு வந்ததற்கு வெட்கம் ஒரு பங்கு. தமிழ் இல்லை என்று சொன்னதற்கு இரண்டு பங்கு. தனக்காக ஒருவன் தலைகுனிந்து நின்றபோது பார்த்துக்கொண்டு நின்றதற்கு... அதற்குக் கணக்கில்லை. வெள்ளி இரவு லாச்சியைத் திறந்து கடிதங்களை ஒவ்வொன்றாக உடைத்தாள். அழுதுகொண்டேதான் உடைத்தாள். நினைத்த அளவு பயங்கரம் ஒன்றும் உள்ளே இல்லை.

சனிக்கிழமை கடை வாசலில் நின்றபோது கால் பின்வாங்கியது. உள்ளே மேரியம்மா அன்ரி. வாங்கிய போன் உறை அளவில்லையாம், மாற்ற வந்திருக்கிறார். சேந்தனும் மனேஜரும் பக்கத்தில்.

இன்னொரு நாள் வரலாமா? வரலாம்... வந்தால் இதைவிட வெட்கமாக இருக்கும்.

நேரே மனேஜரிடம் போனாள். மூச்சு விடாமல் நோர்ஸ்க்கில் கொட்டினாள். "புதன்கிழமை இவர் மேல் பிழையில்லை. எனக்கு அவ்ஸ்லாக் வந்தது. அது மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்றுதான் சத்தத்தைக் கூட்டினார். வேறு ஆள் வேண்டும் என்று நான் கேட்ட பிறகும்..."

மனேஜர் சேந்தனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். அன்ரி சட்டென்று திரும்பினார்.

"ஆருக்குப் பிள்ளை அவ்ஸ்லாக்?"

ஒரு பொய் போதும். சினேகிதிக்கு என்று சொன்னால் முடிந்தது. அப்பாவின் முகம் ஒருமுறை கண்ணில் வந்து போனது.

"எனக்குத்தான் அன்ரி. பில் கட்டாமல் விட்டனான். அதாலை போன் தரேல்லை."

அன்ரி உறைகள் தொங்கும் பக்கமாகப் போய் ஒன்றை வெகு கவனமாகப் பார்த்தார். மனேஜர் சேந்தனின் தோளைத் தட்டினார். "இதை அன்றே சொல்லியிருக்கலாமே. உனக்கு எழுதிய அந்த எச்சரிக்கைக் கடிதத்தை நான் கிழித்துவிடுகிறேன்." அவர் உள்ளே போனார்.

இருவரும் தனியே நின்றார்கள். தனியே என்றால்... அன்ரியைக் கழித்து.

"ஏன் வந்து சொன்னனீங்கள்?" அவன் கேட்டான். "நான் ஒருத்தரிட்டையும் வாய் திறந்திருக்கமாட்டன்."

"தெரியும். அதுதான் நித்திரை வரேல்லை. உங்களுக்கு என்னிலை கோவமே?"

"வேற ஆள் வேணுமெண்டு கேக்கேக்கை நொந்தது." அவன் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தான். "கோவத்திலை இல்லை. இனி உங்களோடை கதைக்க ஒரு காரணமும் இல்லாமல் போச்சுதே எண்டு..."

எமிலியாவுக்குக் காது சுட்டது. அன்ரி கையிலிருந்த உறையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டி நிற்பது தெரிந்தது. நாளைக்குக் கோயிலில் இரண்டு கதை... பில் கதை ஒன்று, இது ஒன்று. அப்பாவுக்கு இன்றைக்கு இரவே தானே சொல்லிவிட வேண்டும். இரண்டையும்.

"மூண்டு நாளா வெட்கத்திலை செத்துக்கொண்டிருக்கிறன்" என்றாள். குரலை அவள் தாழ்த்தவில்லை. "இப்பவும் வெட்கமாத்தான் கிடக்கு. எண்டாலும் சொல்லுறன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."